சாம்பல் நிறக் காருக்கு நான் அடித்த வெள்ளை

நல்ல விலைக்குப் போகவிருந்த ஒரு காரை, கைக்காசைப் போட்டு, பனியிலும் வெயிலிலும் கூடவே நின்று மேற்பார்வை பார்த்து, பாதி விலைக்கும் கீழே இறக்கிய மனிதர் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் இருக்கிறார். நோர்வூட் ஆட்டோ ஸ்டாண்டில் வந்து "பெயின்ட்காரன் எங்க?" என்று கேட்டால் என்னைக் காட்டிவிடுவார்கள். எனக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாது. ஆட்டோதான் ஓட்டுகிறேன். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கார் அப்பாவுடையது. ஏ ஃபோர்ட்டி என்பார்கள். ஐம்பதுகளில் கப்பலில் இலங்கைக்கு வந்து இறங்கிய, முதுகு உருண்ட இங்கிலீஷ் கார். ஒரு காலத்தில் ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையே வாடகைக்கு ஹயர் ஓடிய கார்களில் பாதிக்குமேல் இந்த ஜாதிதான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அவரிடமிருந்து அப்பா வாங்கினார். அதற்குப் பிறகு மழை வந்தால் தார்ப்பாய் காருக்கு, நனைவது நாங்கள் என்று வீட்டில் ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. அப்பா இறந்து எட்டு வருஷம் கழித்தும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கீழே ரோட்டோரத் தகரக் கொட்டகையில் அது நின்றது. மாதத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணுவேன். கோபத்தோடுதான் எழுந்துகொள்ளும், அப்பா மாதிரியே.

அதன் நிறம் சாம்பல் என்று காரின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் லேசாகப் பச்சையும் தெரியும். அந்த நிறத்தை நான் சின்ன வயதில் அழுக்கு என்று நினைத்திருந்தேன். நாற்பது தாண்டிய பிறகும் அப்படித்தான் நினைத்தேன். என் படிப்பின் லட்சணம் அது.

காரை விற்க வேண்டி வந்தது மலையால். எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை செங்குத்தாக ஏறுகிறது. நாட்டில் பெட்ரோலுக்கு நின்ற வரிசையெல்லாம் முடிந்த அடுத்த வருஷம், அந்த மலையில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் கை நுழைகிற அகலம். அடுத்த மழைக்குப் பிறகு கால் நுழைந்தது. நுழைத்துப் பார்த்தவன் நான்தான். செருப்பு உள்ளே போய்விட்டது, இன்னமும் அங்கேதான் இருக்கும். மண்ணைப் பரிசோதிக்கிற அதிகாரிகள் வந்தார்கள், குச்சி நட்டார்கள், சிவப்பு நாடா கட்டினார்கள். இந்த இடத்தில் குடியிருப்பது ஆபத்து என்று மூன்று மொழியிலும் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டினார்கள். எங்கே போய்க் குடியிருப்பது என்று ஒரு மொழியிலும் எழுதியிருக்கவில்லை.

மழை பிடித்தால் லயத்து ஆட்கள் எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு சிமெண்டுத் தரையில் படுப்போம். காலையில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள், என் இரண்டு மகள்களும் அங்கேயே பாய் சுருட்டி எழுந்து முகம் கழுவுவார்கள். மூத்தவள் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. "நீ ஒரு நாளும் லேட்டா போனதா யாரும் சொல்ல முடியாதுடீ" என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

என் மனைவி கொழுந்து பறிக்கிறவள். பேச்சு குறைவு. பேசினால் தைத்துவிடும். "புது வீடு லிஸ்டுல நம்ம பேரு இருக்காம்ல" என்று நான் ஒரு நாள் யூனியன் தலைவரிடம் கேட்டுவந்து சொன்னபோது, "அந்த லிஸ்ட விரிச்சுப் படுக்க முடியுமாங்க?" என்றாள். அவளே விசாரித்து நோர்வூட் கடைத்தெருவுக்கு மேலே ஏழு பேர்ச்சஸ், ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு, காணி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அடியில் கல், பக்கத்தில் ரோடு, பின்னால் மலை கிடையாது. காணிக்காரர் பலசரக்குக் கடை முஸ்லிம் முதலாளி. நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். விலை பதினான்கு லட்சம் சொன்னார்.

"மூணு மாசத்துக்கு யாருக்கும் குடுக்காம வச்சிக்கிறேன் தம்பி. அதுக்கு மேல ஏலாது. எனக்கும் மகளுக்குக் கலியாணம் ஈக்கி" என்றார்.

வீடு திரும்புகிற வழியில் கொட்டகைப் பக்கம் வந்ததும் மனைவி நின்றாள். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா காரு புள்ள" என்றேன்.

"அப்பா மேல மண்ணு விழுந்து எட்டு வருஷமாச்சு. நம்ம மேல இன்னும் விழல" என்றாள்.

மூத்த மகள் காரைப் படம் பிடித்து ஃபோனில் விளம்பரம் போட்டாள். பத்து லட்சம் கிடைத்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன், மீதிக்கு ஆட்டோவை ஈடு வைக்கலாம் என்று கணக்கு. நான்காம் நாள் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அரைக்காற்சட்டை, தொப்பி, கையில் சின்ன டோர்ச். பழைய கார்களை வாங்கி வைப்பதுதான் இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் அவரை ஐயா என்கிற மரியாதையில் மாத்தயா என்றேன், அவர் என்னைத் தம்பி என்கிற உரிமையில் மல்லி என்றார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

பல் டாக்டர் வாய்க்குள் பார்ப்பதுபோல கதவிடுக்கு, சக்கரத்தின் உட்பக்கம், பொனட்டுக்கு அடி என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். கதவுத் தூணுக்குள்ளிருந்து நாக்குப்போல வெளியே நீளும் சின்னக் கைகாட்டி ஒன்று இந்தக் காரில் உண்டு. இடது பக்கம் திரும்ப இடது நாக்கு, வலது பக்கம் திரும்ப வலது நாக்கு, அந்தக் காலத்துச் சிக்னல். அது இரண்டும் வேலை செய்யாது. இருந்தாலும் அவர் அதை விரலால் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையை விடுவதுபோல மெதுவாக உள்ளே விட்டார். பிறகு கைக்குட்டையில் எதையோ தொட்டுக் கதவின் ஓர் ஓரத்தைத் தேய்த்தார். அந்தக் கையகல இடம் ஈயம்போல மின்னியது.

"கம்பெனியிலேயே அடித்த பெயின்ட். இத்தனை வருஷம் யாரும் தொடவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "பதினாறு லட்சம் தருகிறேன்" என்றார்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. அதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, பதினாறரை என்றார். இருமி ஐம்பதாயிரம் சம்பாதித்தவன் நான். இருமலை நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

மூன்று வாரத்தில் லொறியும் காசும் கொண்டுவருவதாகச் சொல்லிக் கைகொடுத்தார். படியிறங்கியவர் திரும்பி வந்து ஒன்று சொன்னார்: "மல்லி, அதுவரைக்கும் எதுவும் செய்ய வேண்டாம். கழுவக்கூட வேண்டாம். இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

சிங்களம் எனக்கு நன்றாகப் புரியும். அந்த வாக்கியத்தில் புரியாத சொல் ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு பலர் எனக்காக அந்தச் சாக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளங்க வேண்டுமானால் எங்கள் தோட்டத்துச் சுண்ணாம்பு வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்றால் மூன்று நாளைக்கு முன்பே, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், பத்து ஆட்களைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள். அன்று அவர்களுக்கு மலையில் வேலை இல்லை. ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு, மரத்துக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு, லயத்தின் முன் சுவருக்குச் சுண்ணாம்பு. பின் சுவருக்குக் கிடையாது, அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. படுத்துக் கிடந்த நாய் ஒன்று பாதி வெள்ளையாக எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் ஜீப்பை நிறுத்தாமலே போய்விடுவார்கள். இருந்தாலும் அடிப்போம். ஒரு தடவை, எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம், உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா அதைப் படித்துவிட்டு, "அப்போ நல்லா உத்துப் பாக்கப் போறாய்ங்க. ரெண்டு வாளி கூடக் கரைங்க" என்றார். அன்று வாளி தூக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்குப் பதினேழு வயது. அவர் சொன்னது முற்றிலும் சரி என்றே எனக்குப் பட்டது.

இப்போது கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார். எனக்கு வேறு என்ன தோன்றும்?

ஸ்டாண்டில் சொன்னேன். பக்கத்து ஆட்டோக்காரன் சொண்டைக் கடித்து யோசித்தான். "மச்சான், ஒண்ணும் பண்ணாதன்னு ஏன் சொல்றான் தெரியுமா? அழுக்கா இருக்கையில அமுக்கிட்டுப் போயி, அங்க கழுவித் தொடச்சு முப்பதுக்கு விப்பான். நீ இங்கயே பளபளன்னு ஆக்கி வையி. இருபது கேளு."

ஃபோனை எடுத்து வாகன விளம்பரங்களைப் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவதை நிறுத்தி வைத்திருந்த காலம் அது, பழைய டப்பாவுக்கெல்லாம் யானை விலை. எந்த வாகனமாக இருந்தாலும் வெள்ளைக்கு மற்ற நிறத்தைவிட ஒன்றிரண்டு லட்சம் கூட. முத்து வெள்ளைக்கு இன்னும் கூட. சாம்பல் நிறத்தை யாரும் தேடுவதாகத் தெரியவில்லை. விஷயம் முடிந்தது.

மனைவியிடம் சொன்னபோது வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து படங்குச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற சாக்கு.

"ஒண்ணும் பண்ண வேணாம்னுதானே அந்த மாத்தயா சொல்லிட்டுப் போனாரு?"

"அது வியாபாரப் பேச்சு. ஒனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதுங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

"இருபது கெடைக்கும் புள்ள. காணி வாங்கி, அத்திவாரமும் போட்றலாம்."

அத்திவாரம் என்ற சொல் அவளைக் கொஞ்சம் அசைத்தது. பெயின்ட் வேலைக்குக் காசு வேண்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈர்க்குச்சி இரண்டை உடைத்துக் காதில் செருகிக்கொண்டு மறுநாள் மலைக்குப் போனாள்.

டிக்கோயாவுக்குப் போகிற வழியில் ஒரு பெயின்ட் பாஸ் இருந்தார். எங்கள் பக்கத்தில் எந்த வேலையும் தெரிந்தவரை பாஸ் என்போம். பஸ்ஸுக்கும் வேனுக்கும் அடித்துப் பழகியவர். பழைய பெயின்டின் மேல் புதுசு நிற்காது, தகரம் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும் என்றார். கூலியைக் குறைக்க நானும் இரண்டு நாள் கூட நின்று சேண்ட் பேப்பர் பிடித்துத் தேய்த்தேன். சாம்பல் தூசு தலை, மீசை, மூக்கு எல்லாம் ஏறியது. மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளித்தபோது என்னிலிருந்து சாம்பல் தண்ணீர் வடிகால் கானில் ஓடியது. தோட்டத்து மண்ணில் போய்க் கலந்த அந்தத் தண்ணீர் எத்தனை லட்சம் என்று அன்று எனக்குத் தெரியாது. சோப்புப் போட்டு வேறு நன்றாகத் தேய்த்துக் குளித்தேன்.

"அண்ணே, இந்த ரெண்டு ஓட்டை என்னா? வேலை செய்யுதா?" என்று கதவுத் தூணைக் காட்டினார் பாஸ். கைகாட்டி நாக்குகள்.

"செய்யாது."

"அப்ப கழட்டிட்டு பட்டி போட்டு மூடிருவமா? மொழுமொழுன்னு இருக்கும்."

"மூடுங்க" என்றேன். பணம் கேட்காமல் செய்கிறேன் என்று சொன்னதால் நன்றி வேறு சொன்னேன்.

கார் முத்து வெள்ளையில் வந்தது. நோர்வூட் பாலத்தைத் தாண்டி நான் அதை ஓட்டிவந்தபோது ஸ்டாண்டே எழுந்து நின்றது.

"என்னாடா இது, ஃபிரிட்ஜுக்கு டயர் போட்டு ஓட்டிக்கிட்டு வர்ற?"

"பொறாமைப்படாதீங்கடா" என்றேன். உண்மையிலேயே அது ஃபிரிட்ஜ் மாதிரித்தான் இருந்தது. நானும் உள்ளுக்குள் அப்படி நினைத்தேன். ஆனால் ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டில் இல்லாத சாமான். அதனால் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

சொன்ன நாளில், காலைப் பனி கலைவதற்கு முன்பே மாத்தயா வந்துவிட்டார். பின்னால் ஒரு லொறி, அதில் ஏற்றிக் கட்டக் கயிறு, பலகை. ரோட்டோரத்தில் நின்ற வெள்ளைக் காரைத் தாண்டி நேரே கொட்டகைக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கார் எங்கே மல்லி?"

நான் சிரித்தேன். அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஊரையே சிரிக்க வைக்கிறவன் அல்லவா, எதிர்ப்பட்டவர்களெல்லாம் வேடிக்கை பண்ணுவதாகத்தான் தோன்றும். கையை நீட்டிக் காரைக் காட்டினேன்.

அவர் அதன் பக்கத்தில் போனார். தொடவில்லை. சுற்றி வந்தார். கதவுத் தூணின் அருகில் வந்ததும் விரலை வைத்துத் தடவினார், அந்த நாக்கு இருந்த இடத்தை. பிறகு மறுபக்கம் போய் அதையும் தடவினார். அப்புறம் கல்படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். நீட்டிய கையை நான் அப்போதுதான் இறக்கினேன்.

"பழைய பெயின்ட் அடியில் இருக்கிறதா?"

"இல்லை மாத்தயா. சுத்தமாகத் தேய்த்துவிட்டோம். நானே நின்று தேய்த்தேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம்.

என் மனைவி பிளேன்டீ கொண்டுவந்தாள். அவர் கிளாஸை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகப் பேசினார். "மல்லி, என்னைப் போன்ற ஆட்கள் வாங்குவது தகரத்தையும் எஞ்சினையும் இல்லை. அது எத்தனையோ இடத்தில் கிடைக்கும். எழுபது வருஷமாக யாரும் தொடாத கார் இந்த நாட்டில் எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணலாம். வெள்ளை பெயின்ட் நான் நாளைக்கும் அடிக்கலாம். அந்தச் சாம்பல் நிறத்தை இனி யாரால் கொண்டுவர முடியும்? இதை நான் வாங்கி நாளைக்கு விற்கப் போனால், வருகிறவன் கேட்பான்: ஏன் நிறம் மாற்றினாய்? எங்கேயாவது இடித்ததா? துருவை மறைக்கவா? திருட்டு வண்டியா? புத்தகத்தில் சாம்பல் என்றிருக்கிறது, கார் வெள்ளையாக நிற்கிறது. நான் என்ன சொல்லட்டும்?"

"புத்தகத்தில் மாற்றிக்கொள்ளலாம் மாத்தயா. கொழும்புக்குப் போய் எழுதிக் கொடுத்தால்..."

"மாற்றலாம். மாற்றினால் மாற்றியது என்று அதில் இருக்கும்."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். திட்டவில்லை. கிளாஸை வைத்துவிட்டு ஏழு லட்சம் என்றார். "லொறி வாடகை வேறு கொடுத்துவிட்டேன், வெறுமனே திரும்ப மனமில்லை, அதனால் ஏழு."

வாங்கியிருக்க வேண்டும். மூளை உள்ளவன் அந்த இடத்தில் காலில் விழுந்து ஏழை வாங்கியிருப்பான். எனக்கோ மானம் வந்துவிட்டது. மூன்று வாரமாக ஊர் முழுக்க இருபது என்று சொல்லித் திரிந்திருந்தேன். "வேறு ஆள் ஒருவர் கேட்டிருக்கிறார் மாத்தயா" என்றேன். அப்படி ஒரு ஆள் பூமியில் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். தலையாட்டிவிட்டு, என் மனைவியைப் பார்த்து "தேத்தண்ணீர் நன்றாக இருந்தது நங்கி" என்று தங்கையிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். வெறும் லொறி வளைவுகளில் கடகடத்துக்கொண்டு இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மனைவிக்குச் சிங்களம் பாதிதான் தெரியும். அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. வாசலில் நின்றவள் கிளாஸை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள்.

ஒரு முட்டாள்தனத்தோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை. திரும்பவும் சாம்பல் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. ஆட்டோவை நாள்முழுக்க ஓட்டிச் சேர்த்த காசில் பாஸிடம் போனேன். "என்னா சாம்பல்ணே? காட்டுங்க" என்றார். காட்டுவதற்கு ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை. மகள் பிடித்த படத்தை ஃபோனில் காட்டினேன். ஒவ்வொரு ஃபோனிலும் ஒவ்வொரு சாம்பல் தெரிந்தது. கடைசியில் வந்தது அலுமினியச் சட்டி நிறம். இப்போது புத்தகத்திலும் சாம்பல், காரும் சாம்பல். ஆனால் வந்து பார்த்தவர்கள் யாரும் நம்பவில்லை. நகத்தால் சுரண்டினார்கள். சாம்பலுக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் தகரம்.

"ரெண்டு தரம் கலர் மாத்தியிருக்கே, என்னா பண்ணினீங்க இந்தக் கார வச்சு?" என்று கினிகத்தேனையிலிருந்து வந்த ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கொலை செய்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

மாத்தயாவுக்கு ஃபோன் பண்ணினேன். வேறொரு கார் வாங்கிவிட்டதாகச் சொன்னார். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

நானா சொன்ன மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருந்தபோது நுவரெலியாவிலிருந்து ஒரு ஹோட்டலின் ஆட்கள் வந்தார்கள். வாசலில் வைத்து உள்ளே பூச்செடி நடப் பழைய கார் ஒன்று வேண்டுமாம். நிறம் பிரச்சினை இல்லை, எப்படியும் அவர்கள் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்வார்கள். எஞ்சின் வேண்டாம் என்றார்கள். ஐந்து லட்சம். எஞ்சினைத் தனியாகப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டான். அந்தக் காசில் அடகிலிருந்த தோட்டை மீட்டேன்.

ஐந்து லட்சத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் நானாவின் கடைக்குப் போனோம். அவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விஷயம் ஏற்கெனவே கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

"கலியாணத்த நான் வேற வழியில பாத்துக்குறேன் தம்பி" என்றார். "மிச்சம் ஒம்பது. ரெண்டு வருஷத்துல குடுங்க, காணி ஒங்கட. அதுக்குள்ள வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். ஏலாமப் போனா இந்தக் காச அப்படியே திருப்பித் தாறேன்." பிறகு என் மனைவியிடம், "தங்கச்சி, நான் இதுக்கு மேல எறங்க ஏலா" என்றார். அவள் கும்பிட்டாள்.

ஒன்பது லட்சம். ஆட்டோவும் கொழுந்துக்கூடையும் சேர்ந்து வயிற்றைக் கழுவுவதே பெரிய பாடு. ஒரு மாதம் அவள் பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டு என்று நானே கேட்டேன். "திட்டுனா வெடிப்பு மூடிக்குமா?" என்றாள். அடுத்த வாரம் ஹட்டனுக்குப் போய்விட்டு வந்தவள் ஒரு கடதாசிக் கட்டை என் முன்னால் வைத்தாள். பாஸ்போட், வைத்தியப் பரிசோதனை, ஏஜென்சி ஃபாரம்.

"குவைத்துங்க. வீட்டு வேலை. ரெண்டு வருஷம்."

"யாரு போறா?"

"வேற யாரு, நான்தான்."

"நீ ஏன் போவணும்? நான் போறேன். டிரைவர் வேலைக்கு..."

"ஒங்கள அனுப்பினா அங்க போயி ஒட்டகத்துக்கெல்லாம் வெள்ள அடிச்சு வச்சுருவீங்க."

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு நானும் சிரித்தேன். மூத்தவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், அம்மாவும் அப்பாவும் சிரித்து நாளாகிவிட்டதால். சிரித்து முடிந்ததும் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். புருஷன் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று அந்தக் கட்டில் இருந்தது. போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கோணல். அன்று அது ஒழுங்காக வந்தது.

ஒரு விடியற்காலை என் ஆட்டோவிலேயே அவளை ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். சின்னவளுக்கு இழுப்பு வந்தால் எந்த மருந்து, அரிசி எந்த டின்னில், மழை பிடித்தால் பள்ளிக்கூடத்துக்கு எதையெதை எடுத்துப் போக வேண்டும். "பெரியவளுக்குப் பரீச்சை. அவ பொஸ்தகத்த பொலித்தீன் பையில கட்டுங்க. மழ நிக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. பெய்ய ஆரம்பிச்சா ஒடனே கெளம்பிருங்க." நான் கண்ணாடி வழியாக, சிரிக்க வைக்க, ஒரு பகிடி விடப் பார்த்தேன். நாக்கு நுனி வரை வந்தது என்ன என்று இப்போது ஞாபகமில்லை. பஸ் ஜன்னலில் அவள் காதில் தோடு தெரிந்தது. அது மட்டுந்தான் நான் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

அவள் போய்ப் பத்து மாதமாகிறது. மாதாமாதம் அவள் அனுப்புவதை நானாவின் கையில் கொடுக்கிறேன். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. வெடிப்பில் அதிகாரிகள் நட்ட குச்சிகளில் மூன்றைக் காணவில்லை. புல் மூடிவிட்டதா, மண் விழுங்கிவிட்டதா தெரியாது. போய்ப் பார்க்க நான் இனி காலை விடுவதாக இல்லை.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் பேசினாள். வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு ஃபோன் கையில் கிடைக்கும். எப்போதும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"மழையா?"

"இல்ல புள்ள. லேசா தூறுது."

"பொய் சொல்லாதீங்க. தகரத்துல விழுற சத்தம் இங்க கேக்குது. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கெளம்புங்க. ஃபோன வச்சிறாதீங்க, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டேன். மூத்தவள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு ஃபோனைக் காதில் வைத்து முன்னால் நடந்தாள். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டைத் தாண்டியதும் மலையிலிருந்து வருகிற தண்ணீர் செம்மண் கரைந்து பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. "தாண்டிட்டோம்மா" என்றாள் மகள். "அப்பாவும் தாண்டிட்டாரு. இப்ப கோயில்கிட்ட வந்துட்டோம்." பாதி வழியில் குவைத்தில் யாரோ என் மனைவியை வேலைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும், பேச்சு அறுந்துவிட்டது. "அம்மா? அம்மா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு மகள் ஃபோனைத் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். மீதி வழியை நாங்கள் மூவருமாக நடந்தோம்.